கப்பலேறிய பலகாரம்

எங்கள் அக்கா போடும் ஒயினுக்குப் பாளையங்கோட்டையில் நாலு தெரு தள்ளியும் பெயர் உண்டு. கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் கேக்கை மரியாதைக்கு ஒரு கடி கடித்துவிட்டு, கண்ணை அலமாரிப் பக்கம் ஓட்டுவார்கள். அக்காவுக்கு அது தெரியும். தெரியாதவள்போலக் கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசிவிட்டு, பிறகுதான் சின்னக் கண்ணாடித் தம்ளர்களை எடுத்து வைப்பாள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அவள் பன்னீர் திராட்சை வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். கடைக்காரர் மேலாக எடுத்து நீட்டும் பழத்தைத் தொடமாட்டாள். கூடையின் அடியில் கையை விட்டு எடுத்ததைத்தான் தின்று பார்ப்பாள். வீட்டுக்கு வந்ததும் பழத்தைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போன பிறகு பெரிய பீங்கான் ஜாடியில் சீனியும் பழமும் மாற்றி மாற்றிப் போட்டுப் பிசைவாள். ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் பட்டை, கிராம்பு, ஆறவைத்த வெந்நீர். ஜாடியின் வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டி அடுக்களை மூலையில் வைத்துவிட்டால், வடிகட்டும் நாள்வரை அந்த மூலை அவளுடையது. காலையில் குளித்துவிட்டு வந்துதான் மரக்கரண்டியை உள்ளே விடுவாள். நான் ஒருமுறை குளிக்காமல் எட்டிப் பார்த்ததற்கு வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

இதற்குச் சட்டம் என்ன சொல்லும் என்று எங்கள் தெருவில் யாரும் யோசித்ததில்லை. முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, கேக், ஒயின். எங்களுக்கு வரிசை இப்படித்தான். சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத வீடுகளில்தான் இந்த ஜாடிகள் நுரைத்துக்கொண்டிருக்கும்.

அத்தான் கதை வேறு. அக்காவின் கணவருக்கு மது என்ற சொல்லே ஆகாது. சேரன்மகாதேவியில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் குடிக்கு எதிராகப் பேச ஆள் வேண்டுமென்றால், நாங்கள் ஐயர் என்று கூப்பிடும் போதகர் முதலில் தேடுவது அவரைத்தான். அத்தான் பேசத் தொடங்கினால், முந்தின நாள் குடித்தவன் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடுவான். சின்ன வயதில் தன் அம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாராம். அதற்கு மேல் அந்தக் கதையை யாருக்கும் சொன்னதில்லை. அக்காவுக்கும் தெரியாது.

அப்படிப்பட்டவர் வீட்டிலேயே ஜாடி நிறைய ஒயின் இருக்கிறதே என்று சிலருக்கு நாக்கு அரிக்காமல் இருக்குமா? ஒரு கமிட்டிக் கூட்டத்தில் ஒருவர் கேட்டே விட்டார்.

"எங்களக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லுதிய. ஒங்க வீட்டுலயே ஒயின் போடுதாவளே, அண்ணாச்சி?"

"அது மது இல்லவே. பண்டிகைப் பலகாரம்" என்றார் அத்தான். சொன்ன வேகத்தில் கூட்டமே அடங்கிவிட்டதாம்.

இதைக் கேள்விப்பட்ட அன்று அக்கா எனக்கு இரண்டு தோசை கூடப் போட்டாள். அவளுக்கு அவ்வளவு பெருமை. எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு ஒரு விடை சுலபமாக வந்துவிட்டால் சந்தேகம் வரும். ஆனால் தோசையைத் தின்றுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அடுத்த மாதம் அவர்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா மகள், கொச்சியிலிருந்து கிளம்பும் ஒரு உல்லாசக் கப்பலில் இடம் பிடித்துக் கொடுத்தாள். சின்னக் கப்பல்தான். கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஏற்றின கரையிலேயே இறக்கிவிடும். ஒரே அறையில் மூன்றாவது ஆளும் தங்கினால் அந்த ஆளுக்குப் பாதிக் கட்டணம் என்றார்களாம். அதனால் கல்யாணமே பண்ணிக்கொள்ளாத நானும் இன்னொருத்தர் கல்யாண நாளுக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. பாதிக் கட்டணம் என்று கேட்ட பிறகு எனக்கும் வீட்டில் இருக்க மனசு வரவில்லை.

புறப்படும் நாளன்று மூட்டை கட்ட ஒத்தாசைக்குப் போனேன். அக்கா ஒரு பழைய சர்பத் புட்டியைத் துண்டில் சுற்றி, முறுக்கு டப்பாவுக்கும் முந்திரிக்கொத்துப் பொட்டலத்துக்கும் நடுவில் பத்திரமாகச் செருகிக்கொண்டிருந்தாள். தக்கை அடைத்து, அதன் மேல் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றியிருந்தாள்.

"கப்பல்ல எல்லாங் கெடைக்கும்லாக்கா. இத எதுக்குச் சொமக்க?" என்றேன்.

அக்கா கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். அத்தான் வாசலில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"அவுக இதுல ஒரு வாய் குடிச்சதில்லட்டி."

"என்னக்கா சொல்லுத? இத்தன வருசத்துலயா?"

"ஒரு வருசம் தொண்ட கட்டிருக்கும்பாவ. ஒரு வருசம் சளிம்பாவ. சுகர் வந்த பெறகு கேக்கவே வேண்டாம். வாரவங்களுக்கெல்லாம் அவுக கையாலதான் எடுத்துக் குடுப்பாவ. அவுகளுக்கு ஊத்தி வச்சது அப்பிடியே இருக்கும். எல்லாரும் போன பெறகு நான் பைய எடுத்துட்டுப் போயி அடுக்களையில கொட்டிருவேன்."

அக்கா புட்டியைத் துண்டோடு சேர்த்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"நெறைய வேண்டாம். ஒரு வாய் குடிச்சாப் போதும். ஊரே நல்லாருக்குன்னு சொல்லுது, எனக்கு அதுவா வேணும்? இங்கனன்னா சபை ஆளு யாராவது வந்துருவாவளோன்னு அவுகளுக்கு ஒரு இது. அங்கன யாரு வரப்போறா? அதான் கொண்டு போறேன்."

எனக்கு அத்தான் மேல் வந்த கோபத்தில் முந்திரிக்கொத்து ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். ஊரார் முன்னால் பலகாரம் என்று அடித்துச் சொல்லுகிற மனுஷன், வீட்டுக்குள்ளே அதை நஞ்சு மாதிரி ஒதுக்கிவைத்திருக்கிறார். அக்கா மனசு இத்தனை கிறிஸ்துமஸாக என்ன பாடு பட்டிருக்கும்? ரயிலில் செங்கோட்டை தாண்டும்வரை நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

கொச்சித் துறைமுகத்தில் கப்பலுக்குப் போகும் முன் ஒரு பெரிய கூடம். பெட்டிகளை இயந்திரத்துக்குள் அனுப்பிச் சோதிக்கிறார்கள். சீருடை போட்ட ஒரு பெண் ஒவ்வொருவரிடமும் ஆங்கிலத்தில் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு நின்றாள். உங்கள் பெட்டியில் மதுபானம் ஏதாவது இருக்கிறதா?

அத்தானிடம் போய் இதைக் கேட்க வேண்டுமென்று அவளுக்கு விதித்திருக்கிறது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆபீஸில் பழகிய ஆங்கிலத்தில், இல்லை என்றார். இன்று மட்டுமல்ல, எங்கள் வீட்டில் என்றுமே கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டு வழிவிட்டாள். எங்கள் பலகாரப் பை இயந்திரத்துக்குள் போனது. போனது வெளியே வரவில்லை.

பையை மேசையில் வைத்துத் திறந்தார்கள். முறுக்கு டப்பா வந்தது. துண்டு வந்தது. துண்டுக்குள்ளிருந்து புட்டி வந்தது. அந்தப் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன, ஒயினா என்று கேட்டாள்.

"ஆமா, ஒயின்தான்" என்றார் அத்தான், கொஞ்சமும் தயங்காமல். பிறகு என் பக்கம் திரும்பி, "மது இருக்கான்னுதான இந்தப் பிள்ள கேட்டுச்சு? அதுக்கு இல்லன்னு சொன்னேன். சரிதான?" என்றார்.

ஒளித்து எடுத்து வருகிறவன் முழிப்பான், வேர்ப்பான். இவர் சாட்சிக் கூண்டில் ஏறினவர் மாதிரி நிற்கிறார். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ள முடியாது. அந்தப் பெண்ணுக்கு இவர் பொய் சொல்லுகிறாரா, பித்துப் பிடித்தவரா என்று விளங்கவில்லை. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற யாரோ, தாத்தா வரும்போதே கொஞ்சம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அத்தானின் காது இரண்டும் சிவந்துபோயின. எனக்கே பாவமாகிவிட்டது.

அந்தப் பெண் கப்பலின் பாரைக் கவனிக்கும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அனுப்பினாள். தலை நரைத்த மலையாளி ஒருவர் வந்தார். புட்டியைக் கையில் வாங்கியவர் மெழுகை விரலால் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"கிறிஸ்மஸ் ஒயின், அல்லே? எங்க வீட்டிலயும் அம்ம போடும்."

கப்பலின் விதியை அவரே விளக்கினார். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு புட்டி ஒயின் சொந்தமாகக் கொண்டுவரலாம். அறையில் வைத்துக்கொள்ள முடியாது, அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் நாம் கேட்கும்போது திறந்து, கண்ணாடித் தம்ளரில் ஊற்றித் தருவார்கள். அதற்குக் கார்க்கேஜ் என்று ஒரு கட்டணம் உண்டு.

"எங்க புட்டிய எங்களுக்குத் தெறந்து தாரதுக்குத் துட்டா?" என்றார் அத்தான்.

"வெளிச் சமையல்காரர கூட்டிட்டு வந்தா நம்ம கல்யாண மண்டபத்துல தனியா வாங்குதாவள்லா? அது மாதிரிதான், அத்தான்" என்றேன். மகள் கல்யாணத்துக்கு அப்படிக் கொடுத்தவர்தான். அதனால் அது சரியென்று பட்டது அவருக்கு.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. கம்பெனி முத்திரையும் சீட்டும் இல்லாத புட்டியை மேலே ஏற்றக் கூடாதாம். ஆனாலும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாகச் சொன்ன மேற்பார்வையாளர், ஒரு தாளை எடுத்து அத்தான் முன்னால் வைத்தார்.

"இது மதுபானம், எங்களுடையதுன்னு எழுதி ஒப்பு, கையெழுத்து போடணும் சாரே. மதுன்னு சொன்னா அதுக்கு விதி உண்டு, கட்டணம் உண்டு, நான் ஏத்திக்கலாம். மது இல்லன்னு சொன்னா, அப்போ அது என்னன்னே தெரியாத ஏதோ ஒண்ணு. அத ஏத்த முடியாது."

அத்தான் பேனாவை வாங்கினார். எழுதவில்லை. அவர் இதுவரை எத்தனை மேடையில் நின்று அந்தச் சொல்லைத் திட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது அதைத் தன் கையால், தன் வீட்டுப் பொருளுக்கு நேராக, எழுதச் சொல்கிறார்கள்.

"வீட்டுப் பலகாரம்னு எழுதுனா ஆகாதா?" என்று கேட்டார். குரல் இறங்கிவிட்டது.

மேற்பார்வையாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வரிசை பின்னால் நீண்டுகொண்டே போனது.

"வேண்டாம்ங்க" என்றாள் அக்கா. "இங்கனயே குடுத்துட்டுப் போவோம். ஒங்க கையால அப்பிடி எழுத வேண்டாம்."

அவள் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புட்டியைத் துண்டில் சுற்றி, அந்தப் பையையே குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தவள் அவள். என் வாய் என் சொல் கேட்கவில்லை.

"பலகாரம் பலகாரம்னு சொல்லுதியளே அத்தான், பலகாரம்னா இத்தன வருசமா நீங்க ஏன் ஒரு வாய் தொடல?"

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்து போயிருக்க வேண்டும். அத்தான் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் குனிந்து, அழகான ஆபீஸ் கையெழுத்தில், இது மதுபானம், எங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டணத்தையும் கட்டினார்.

கப்பல் கிளம்பியது. கப்பலில் வந்த மற்றவர்கள் எல்லாம் படம் எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். அத்தான் மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், சாப்பிட்டார், திரும்பிப் போய் உட்கார்ந்தார். அறையில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதாட்டி? பலகாரமா இருந்தப்பயே அவுக தொடல. இப்ப மதுன்னு அவுக கையாலயே எழுத வச்சுட்ட. இனி எப்பிடித் தொடுவாவ? ஒத்த வாய்க்கு இருந்த வழியும் போச்சு."

அவள் சொன்னது சரிதான். புட்டியைக் கப்பலேற்ற என்ன சொல்ல வேண்டியிருந்ததோ, அதைச் சொன்ன பிறகு ஒரு சத்தியக்காரரால் அதைக் குடிக்க முடியாது. எனக்கு மனசு கனத்துப்போய்விட்டது. அன்று முழுக்க அத்தானுக்கு நானே தேடித் தேடிக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள்தான் கல்யாண நாள். சாயங்காலம் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களுக்கென்று ஒரு மேசையில் பூ வைத்திருந்தார்கள். அக்கா மகள் எடுத்துக் கொடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு அக்கா வந்தாள். கட்டினாளே தவிர, முகத்தில் ஒரு தெளிவில்லை. புட்டியைக் கேட்க வேண்டாம் என்று எனக்கு முன்பே கண்ணைக் காட்டிவிட்டாள்.

கேட்காமலேயே அது வந்தது. அந்த மலையாளி ஏற்பாடு செய்திருக்க வேண்டும். வெள்ளைக் கையுறை போட்ட பரிமாறுபவர் ஒருவர், எங்கள் சர்பத் புட்டியை மடித்த துணியின் மேல் படுக்கவைத்து இரண்டு கையாலும் தாங்கிக் கொண்டுவந்தார். அத்தான் முன்னால் குனிந்து அதைக் காட்டினார். மெழுகைச் சின்னக் கத்தியால் சுரண்டினார். தக்கையைச் சத்தமில்லாமல் எடுத்தார். எனக்கும் அக்காவுக்கும் ஊற்றாமல், அத்தானின் தம்ளரில் மட்டும் ஒரு வாய் அளவுக்கு ஊற்றிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏன் நிக்காரு இவரு?" என்று அத்தான் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

முந்தின நாள் பக்கத்து மேசையில் இதை நான் பார்த்திருந்தேன். "மேசைக்குப் பெரியவர் ருசி பாத்துச் சரின்னு சொல்லணும், அத்தான். அதுக்குப் பெறகுதான் மத்தவங்களுக்கு ஊத்துவாவ. கட்டணத்துல இதுவும் சேத்திதான்."

அக்கா கைத்துண்டை மடிக்கத் தொடங்கினாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவரைப் பார்க்கவே இல்லை. என் கண்ணுக்கும் அத்தான் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அத்தான் தம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை, மூக்குக்குக் கொண்டுபோனார். மோந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை மோந்தார். பரிமாறுபவர் மெச்சிக்கொண்டு தலையை அசைத்தார். பெரிய ரசிகர் என்று நினைத்திருப்பார்.

"அந்த வாட இல்ல" என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். "எந்த வாட?"

"எங்கப்பா மேல அடிக்குமே, அது." அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "குடிச்சுட்டு வந்து, எங்கம்மாவப் போட்டு அடிச்சுட்டு, பெறகு என்னத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு அழுவாரு. அந்த வாட என் சட்டையிலயே இருக்கும். நீ மொத வருசம் இதப் போட்டுக் கொண்டாந்து நீட்டுன பாத்தியா, அப்பமே எனக்குக் கை ஓடல. இதுலயும் அது இருக்கும்னு நெனச்சேன். வாரவங்களுக்கு எடுத்துக் குடுக்கும்போதும் மூச்ச அடக்கிக்கிடுவேன். ஒன் கையில இருந்தும் அந்த வாட வந்துட்டா, நான் எங்க போவேன், பிள்ள?"

இதைச் சொல்லிவிட்டு அந்த ஒரு வாயையும் குடித்தார். மெதுவாக விழுங்கினார். பரிமாறுபவரைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தார்.

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இத எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ போடுறத விட்டுருப்ப" என்றார் அத்தான்.

அக்கா தன் முன்னால் இருந்த வெறும் தம்ளரை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். பரிமாறுபவர் அவசரமாகக் குனிந்தார். கட்டணம் வாங்கியவர்கள் ஊற்றித் தர வேண்டியதுதானே முறை. ஆனால் அத்தான் அவர் கையிலிருந்து புட்டியை வாங்கி, அவரே அக்காவுக்கு ஊற்றினார்.